பூட்டைத் திறப்பவரே நூலகர்!

"பள்ளிக்கூடத்தில் லைப்ரேரியன் வேலையா? கொடுத்து வைத்தவர்! நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் சம்பளம்!"

இப்படிச் சொல்பவர்கள் உண்டு.

இது உண்மையா?

இல்லவே இல்லை! நல்ல நூலகருக்கு உட்கார நேரம் ஏது? புத்தகத்தைக் காவல் காப்பதா அவர் வேலை? அதைப் பிள்ளைகளின் கையில் சேர்ப்பதே அவர் வேலை.

ஓடப்பார்த்த பேராசிரியர்

இந்தத் தொழிலுக்குப் பெருமை தேடித் தந்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்தார்.

1924-ம் ஆண்டு அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை கசந்தது! பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. எங்கும் ஒரே அமைதி. சில நாட்களில் கல்லூரி முதல்வரிடம் ஓடினார். பழைய வேலையைக் கேட்டார்.

"லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்ற பொருளில் முதல்வர் சமாதானம் சொன்னார்.

ரங்கநாதன் கப்பல் ஏறினார். அங்கே தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் நூலகங்களில் படிப்பதைக் கண்டார். அவர் மனம் மாறியது. 1972-ம் ஆண்டு மறையும் வரை நூலகத் துறைக்கே உழைத்தார்.

1931-ம் ஆண்டு அவர் நூலகத்துக்கான 5 விதிகளை நூலாக வெளியிட்டார். அவற்றில் முதல் விதியின் கருத்து என்ன? புத்தகம் பூட்டி வைக்கும் நகை அல்ல. எடுத்துப் பயன்படுத்தும் பொருள் என்பதே.

சங்கிலி போனது, பூட்டு?

முன்காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். பல கையால் எழுதியவை, விலை அதிகம். அதனால் அந்தக் கட்டுக்காவல்! இங்கிலாந்தில் ஹெரிபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலிப் புத்தகங்களை இன்றும் பார்க்கலாம்.

இப்போது சங்கிலி இல்லை. ஆனால் பல பள்ளிக்கூடங்களில் பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது.

காரணம் பயம். "புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது?" என்ற பயம்! பிள்ளைகள் எடுத்துப் படித்தால் புத்தகம் கிழியலாம். பூட்டி வைத்தால்? கரையான் தின்னும். கிழிந்த புத்தகத்தையாவது ஒரு பிள்ளை படித்திருக்கும்!

என்னென்ன வேலை?

புதுப் புத்தகம் வந்ததும் பதிவேட்டில் வரிசை எண் போட வேண்டும். பள்ளி முத்திரை குத்த வேண்டும். பிறகு எந்த இனம் என்று பிரிக்க வேண்டும். அமெரிக்கர் டூயி 1876-ம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி, விஞ்ஞானத்துக்கு 500, இலக்கியத்துக்கு 800, சரித்திரம், பூகோளத்துக்கு 900. இந்த எண்ணை முதுகில் ஒட்டி விட்டால், ஆயிரம் புத்தகங்களுக்கு நடுவிலும் ஒன்றை நொடியில் எடுக்கலாம்!

புத்தகம் கொடுத்த தேதி, திரும்பிய தேதி இரண்டையும் குறிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். இப்போது இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கிறது.

கம்ப்யூட்டரால் முடியாத வேலை

8-ம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் சிறு குழந்தையின் பாடப்புத்தகத்தை நீட்டினால் வெட்கப்படுவான். மறுநாள் வரமாட்டான்!

கெட்டிக்கார நூலகர் என்ன செய்வார்? "தம்பி, உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பார். கிரிக்கெட் என்றால் கிரிக்கெட். பாம்பு என்றால் பாம்பு! பெரிய எழுத்தும் படமும் உள்ள மெல்லிய புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பார். அதை முடித்தவன் அடுத்த புத்தகத்தைத் தானே கேட்பான்.

ஒரு பிள்ளையின் படிப்பு இந்த இடத்தில் திரும்பி விடலாம். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நூலகம்தானே கதி?

யார் சேரலாம்?

ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்கள் நூலக விஞ்ஞானத்தில் ஓராண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் நூலகர் ஆக, நூலகப் படிப்பு அவசியம். பிறகு மேல்பட்டமும் பெறலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பள்ளிகளிலும் இந்த உத்தியோகம் இல்லை. பல இடங்களில் ஆசிரியர் ஒருவரே பாடத்தோடு நூலகத்தையும் கவனிக்கிறார். ஆனால், இந்தப் படிப்பு படித்தவர்களுக்குக் கல்லூரி நூலகம், பொது நூலகம் என்று வேறு கதவுகளும் உண்டு.

பெற்றோர்களே!

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் "என்ன மார்க்கு?" என்று கேட்கிறீர்கள். கூடவே, "இந்த வாரம் நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.

"பீரோ பூட்டியிருக்கிறது" என்று பதில் வந்தால், தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பணிவாகச் சொல்லுங்கள்: "புத்தகம் கிழிந்தால் நாங்கள் ஒட்டித் தருகிறோம். பிள்ளைகள் படிக்கட்டும், ஐயா!"