படக்கதை என்னும் பாங்கர் எஞ்சின்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு விசித்திரமான நிலை உண்டு. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராட்டி மூன்றையும் எழுதப் படிக்கக் கற்கும் எட்டு வயதுக் குழந்தை, ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு தாத்தா?" என்று கேட்கிறது. இன்று படித்துச் சொல்லத் தாத்தா இருக்கிறார். நாளை?

இதற்கு உதவக்கூடிய ஒரு வகைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை. சிறு பிள்ளைகளுக்கான, சிரிப்பும் சாகசமும் கலந்த படக்கதைகளைத்தான் சொல்கிறேன். நான் மொழி ஆசிரியன் அல்லன். முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்த டிப்ளமோ எஞ்சினியர். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மும்பையிலிருந்து புணே போகும் வழியில், கர்ஜத்தைத் தாண்டியதும் மலை ஏற்றம். சில இடங்களில் 37 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறவேண்டும். முன்னால் இருக்கும் எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது என்பதால், பல வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னாலும் எஞ்சின்களை மாட்டுவார்கள். அவைதான் பாங்கர். மேலே லோனாவாலா வந்ததும் கழற்றிவிடுவார்கள். படிக்கத் தொடங்கும் குழந்தைக்குப் படம்தான் பாங்கர். வார்த்தை முன்னால் இழுக்க, படம் பின்னாலிருந்து தள்ளுகிறது.

தமிழில் ஏற்றம் எங்கே? 247 எழுத்துகள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடச் செங்குத்தானது வேறொன்று. நம் வீட்டுக் குழந்தைக்கு "வந்துட்டான்" தெரியும்; புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று இருக்கும். காதுக்குப் பழகிய மொழி கண்ணுக்கு அந்நியமாகிவிடுகிறது. படக்கதையில் இந்தச் சிக்கல் குறைவு. பாத்திரத்தின் வாயருகே வரும் பலூனில் இருப்பது பேச்சு. அங்கே "ஐயோ, ஓடு ஓடு! அவன் வந்துட்டான்!" என்று எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். குழந்தை ஏற்கெனவே அறிந்த தமிழை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறது.

சிரிப்பு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் இந்தக் கேள்வி 1950களிலேயே எழுந்தது. பள்ளிப் பாடநூல்கள் உப்புச்சப்பில்லாமல் இருப்பதால்தான் பிள்ளைகள் படிப்பதில்லை என்று 1954-ல் ஜான் ஹெர்ஸி என்ற எழுத்தாளர் 'லைஃப்' பத்திரிகையில் எழுதினார். அதையொட்டி ஒரு பதிப்பாளர், டாக்டர் சூஸ் என்ற புனைபெயரில் எழுதிவந்த தியோடர் கைசலிடம் எளிய சொற்களின் பட்டியலைக் கொடுத்து, அதற்குள்ளேயே ஒரு கதை கேட்டார். 1957-ல் 'தி கேட் இன் தி ஹேட்' வந்தது. அம்மா இல்லாத நேரத்தில் தொப்பி போட்ட பூனையொன்று வீட்டுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கும் கதை. அதில் உள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே!

அவர் பெயரால் ஆரம்ப வாசகர் நூல்களுக்கு ஒரு விருது வழங்குகிறார்கள். 2010-ல் அதைப் பெற்றது ஒரு படக்கதை: ஜெஃப்ரி ஹேஸ் வரைந்த பென்னி அண்ணன், பென்னி தங்கை கதை. (ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் முதலெழுத்து வேறு, தமிழில்தான் குழப்பம்!) இரண்டும் குட்டி எலிகள். அதை வெளியிட்ட 'டூன் புக்ஸ்' நிறுவனத்தை 2008-ல் பிரான்சுவா மூலி என்ற அம்மையார் தொடங்கினார். அவர்கள் புத்தகங்களைப் படிகளாகப் பிரித்தார்கள். முதற்படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு கட்டங்கள், ஓரிரு பாத்திரங்கள், சிறு வாக்கியங்கள். மேலே போகப் போகக் கட்டங்களும் சொற்களும் கூடும். பாதை போடும் எஞ்சினியருக்கு இது புரியும்: ஏற்றத்தைச் சிறிது சிறிதாகத்தான் கொடுக்கவேண்டும்.

"படத்தைப் பார்த்தே கதை புரிந்துவிட்டால் எழுத்தை ஏன் படிக்கப்போகிறது?" என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கேதான் நகைச்சுவை கைகொடுக்கிறது. நமக்கெல்லாம் தெரிந்த சுப்பாண்டியை எடுத்துக்கொள்வோம். 1983-ல் 'டிங்கிள்' இதழில் அறிமுகமானவன். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய கதைகளிலிருந்து பிறந்து, ராம் வாயீர்கரின் தூரிகையில் உருவம் பெற்றான். இங்கே நம் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களுக்கும் அவனைத் தெரியும். அவன் நம்மூர்க்காரன் என்பது பலருக்குத் தெரியாது. சுப்பாண்டி முதலாளி சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்து வைப்பான். அவன் செய்ததைப் படம் காட்டும். முதலாளி என்ன சொன்னார் என்பது பலூனில்தான் இருக்கும். அதைப் படிக்காமல் சிரிப்பு வராது. பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது தனக்கு மட்டும் புரியவில்லை என்றால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்?

இனி வீட்டில் செய்யக்கூடியவை:

முதலாவது, பாகம் பிரித்துப் படியுங்கள். ஒரு பாத்திரம் குழந்தைக்கு, மற்றது உங்களுக்கு. மோ வில்லம்ஸ் எழுதிய யானை, பன்றிக்குட்டி கதைகளில் யானையின் பலூன் சாம்பல் நிறம், பன்றிக்குட்டியின் பலூன் இளஞ்சிவப்பு. யார் பேசுவது என்ற குழப்பமே இல்லை. இந்த உத்தியை நாமும் வண்ணப் பென்சிலால் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, தமிழ்ப் புத்தகம் கிடைக்கவில்லையா? குழந்தை விரும்பும் ஆங்கிலப் படக்கதையின் பலூன்கள்மீது வெள்ளைத்தாள் ஒட்டி, தடித்த எழுத்தில் தமிழ் எழுதுங்கள். ஒரு பலூனுக்கு ஐந்து சொல்லுக்குமேல் வேண்டாம். "டமார்", "தொபுக்கடீர்" போன்றவற்றைத் தாராளமாகப் போடுங்கள். என் பேத்தி தானாகப் படித்த முதல் நீளமான தமிழ்ச் சொல் "தொபுக்கடீர்"தான்! கொம்பும் புள்ளியும் அதிலேயே பிடிபட்டுவிட்டன.

மூன்றாவது, 'பிரதம் புக்ஸ்' 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்தும் கொடுக்கலாம்.

நான்காவது, நடுவில் நிறுத்தி "இது என்ன எழுத்து?" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்.

பாங்கர் எஞ்சின் புணே வரைக்கும் போவதில்லை. படமும் அப்படித்தான். கட்டங்கள் குறைந்து வரிகள் கூடும் புத்தகங்களாகக் கொடுத்துக்கொண்டே வந்தால், ஒருநாள் படமே இல்லாத பக்கத்தையும் குழந்தை படிக்கும். அதுவரை, "பொம்மை பார்த்துக்கொண்டு பொழுதை வீணாக்குகிறதே" என்று பெரியவர்கள் கடிந்துகொள்ளாமல் இருந்தால் போதும். வாரத்தில் மூன்று நாள், சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம். செய்து பாருங்கள்.