சொட்டும் வியர்வை வீண்!

கர்நாடக எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் ஜூஜுவாடி. அங்கிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். ஏப்ரல் மாதத்தில் இந்தத் தூரத்தை நடந்தே கடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர்ப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியோ 500 மீட்டர்தான். 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் கூடும். எனவே பொழுது ஏறுவதோடு, பாதை இறங்குவதாலும் இரண்டு டிகிரிக்கு மேல் சூடு சேரும். காலைக் குளிர்ச்சியை நம்பி ஒரே பாட்டில் தண்ணீருடன் கிளம்பியவர் சூளகிரியைத் தாண்டியதும் திண்டாடுவார்.

வெளிச்சூடு மட்டுமா? நடக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், அந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஒன்றே வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆவியாக வேண்டும், அதுதான் முக்கியம்! சொட்டித் தரையில் விழும் துளியால் பயனில்லை. வறண்ட காற்றில் 38 டிகிரியைக்கூடத் தாங்கலாம். ஈரக் காற்றில் 33 டிகிரியே வதைக்கும்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 240 கிலோமீட்டர், 15 நாட்கள். அப்போது அவருக்கு வயது 51. தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். கடற்கரையை நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் கூடும். வியர்வை எளிதில் உலராது. உப்புக்காக நடந்தவர்கள் வழியெல்லாம் வியர்வையில் உப்பை இழந்துகொண்டே போனார்கள்! நெடுநடையில் தண்ணீர் மட்டும் போதாது என்பதும் இதனால்தான். உப்பிட்ட நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் மிகவும் பொருத்தமானவை.

உடன் வருபவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடல் வியர்த்திருந்தாலும் ஏமாற வேண்டாம். நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உங்கள் ஊர்க் காற்று எப்படி? பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகள் கேளுங்கள் (காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது). ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு விசிறுங்கள். அளவுகளில் வித்தியாசம் அதிகமென்றால் காற்று வறண்டது. நடுப்பகலிலும் வித்தியாசம் இரண்டு, மூன்று டிகிரிதானென்றால், அன்றைய நடையை மாலைக்குத் தள்ளிப் போடுங்கள்.