74 நாளில் இரண்டு கோப்பை!



ஃபுட்பால் என்றாலே நம்ம பள்ளியில் மெஸ்ஸி, ரொனால்டோ என்றுதான் பேச்சு. அவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2019-ஆம் வருடம் நம்ம தமிழ்நாட்டிலிருந்து இரண்டு கழகங்கள் இந்தியாவிலேயே முதலாவதாக வந்தன. ஒன்று ஆண்கள் அணி, சென்னை சிட்டி எஃப்.சி. அது ஐ-லீக் கோப்பையை வாங்கிய நாள் 2019 மார்ச் 9. இன்னொன்று பெண்கள் அணி, சேது எஃப்.சி. அது இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கிய நாள் 2019 மே 22. நடுவில் 74 நாள்தான்! எங்கள் வகுப்பில் நான் கேட்டுப் பார்த்ததில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை. அதனால்தான் இந்த வாரத் தாளை நான் கேட்டு வாங்கினேன்.

முதலில் லீக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் டோர்னமெண்ட் மாதிரி ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போ என்று கிடையாது. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் ஆட வேண்டும். ஒரு தடவை சொந்த ஊரில், ஒரு தடவை அவர்கள் ஊரில். ஜெயித்தால் 3 பாயிண்ட், டிரா என்றால் 1, தோற்றால் ஒன்றும் இல்லை. கடைசியில் யாரிடம் பாயிண்ட் அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. அதாவது ஒரு நாள் நன்றாக ஆடினால் போதாது, மாதக்கணக்கில் நன்றாக ஆட வேண்டும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிறவர்களுக்கு இது சரிப்படாது (நான் யாரையும் சொல்லவில்லை).

சென்னை சிட்டி 2016-17 சீசனில்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் இரண்டு சீசனும் பட்டியலில் கீழ்ப்பாதியில்தான் கிடந்தது. பெயர்தான் சென்னை, பிறகு சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம் ஆகிவிட்டது! சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். ஆடுகிற சென்னையின் எஃப்.சி. இருந்தது. அது 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய பெரிய அணி. அந்தப் பளபளப்புக்குப் பக்கத்தில் சென்னை சிட்டியை யார் பார்ப்பார்கள்?

2018-இல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற கோச் வந்தார். ஸ்பெயினிலிருந்து நாலு பேர் வந்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ, எஸ்லாவா. இவர்களோடு நம்ம ஊர்ப் பையன்கள் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், விஜய் நாகப்பன் எல்லாரும். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடாமல், தரையிலேயே ஒருத்தர் காலிலிருந்து ஒருத்தர் காலுக்குக் கொடுத்துக் கொடுத்து முன்னேறுவார்கள். மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல் போட்டார்.

இனிமேல்தான் கதையே. மொத்தம் 20 மேட்ச். 19 முடிந்தபோது சென்னை சிட்டியிடம் 40 பாயிண்ட், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் ஆரம்பித்த கழகம், லட்சக்கணக்கில் ரசிகர்கள். கடைசி நாள், மார்ச் 9. ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இரண்டு மேட்ச். கோயம்புத்தூரில் சென்னை சிட்டியும் முந்தின வருட சாம்பியனான மினெர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மினெர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி நேரம் வரைக்கும் 0-1. சொந்த ஊர் ஸ்டேடியம், அத்தனை ஜனம், எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது, மான்சி அதைப் போட்டு 1-1 ஆக்கினார். அதற்கப்புறம் கௌரவ் போரா ஒரு கோல். இவர் கோல் போடுகிற ஆள் இல்லை, தடுக்கிற ஆள்! கடைசி நிமிஷங்களில் அவரே இன்னொரு கோலும் போட்டார். 3-1.

கோழிக்கோட்டிலும் ஈஸ்ட் பெங்கால் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, பிறகு 2-1 என்று ஜெயித்துவிட்டது. இப்போது கணக்குப் போடுங்கள். சென்னை சிட்டி 40+3=43. ஈஸ்ட் பெங்கால் 39+3=42. சென்னை சிட்டி 1-1 என்று டிராவில் விட்டிருந்தால் 41, கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஆக, ஐந்து மாதம் ஆடிய லீக்கை முடிவு செய்தது ஒரு தடுப்பாட்டக்காரரின் கோல். தமிழ்நாட்டு அணி ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை.

இதைப் படித்துவிட்டு அந்த அணி மேட்சைப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், முடியாது. காரணம், சென்னை சிட்டி இப்போது ஐ-லீக்கில் இல்லை. நல்லா ஆடினவர்களை ஒவ்வொருவராக வேறு அணிகள் கூப்பிட்டுக்கொண்டன. கோர்டியோ ஹைதராபாத்துக்குப் போனார், எட்வின் சென்னையினுக்கு, ஜேசுராஜ் கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. 2020 ஜனவரியில் மான்சியும் ஜப்பானுக்குப் போய்விட்டார். 2020-இல் ஆசிய அளவில் ஆட வேண்டிய ஏ.எஃப்.சி. கோப்பை கொரோனாவால் ரத்து. 2020-21 ஐ-லீக்கை வங்காளத்திலேயே ஆள் இல்லாத மைதானத்தில் வைத்தார்கள், அதில் சென்னை சிட்டி மறுபடி கீழ்ப்பாதி. 2021-22 அணிகளின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருடம் கூட ஆகவில்லை!

எனக்கு இதுதான் மனசு கேட்கவில்லை. கோப்பை வாங்கிய கழகம் எப்படி இல்லாமல் போகும்? மற்ற ஊர்க் கழகங்களைப் பார்த்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில், கோர் மாஹியா என்று ஒரு கழகம். 1968-இல் ஆரம்பித்தது. 1987-இல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் கோப்பை ஒன்றை வாங்கியது. இறுதியில் துனிசியா நாட்டு அணியோடு அவர்கள் ஊரில் 2-2, சொந்த ஊர் நைரோபியில் 1-1. இரண்டும் டிரா, ஆனால் வெளியூரில் போட்ட கோல் அதிகம் என்பதால் கோப்பை கோர் மாஹியாவுக்கு. அந்தக் கழகத்திலும் பணக் கஷ்டம் வராமல் இல்லை. ஆனாலும் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் லூவோ என்கிற இன மக்கள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். பெயரே அவர்கள் கதைகளில் வருகிற ஒரு மந்திரக்காரரின் பெயர்தான். தான்சானியாவில் யங் ஆப்பிரிக்கன்ஸ் 1935-இல் ஆரம்பித்தது, சிம்பா 1936-இல். இரண்டும் ஒரே ஊர், தாருஸ்ஸலாம். ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்குமாம்.

சென்னை சிட்டிக்கு அப்படி ஒரு ஊர் ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் ஒரு ஊர், ஆட்டம் ஒரு ஊர். சென்னைக்காரர் நம்ம அணி என்று சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. நல்ல ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கொண்டு வரலாம், ஊரைக் கொண்டு வர முடியுமா?

இப்போது சேது எஃப்.சி. இது மதுரைப் பக்கத்து அணி. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பக்கம் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறதே, அந்தப் பெயர்தான். பெண்களுக்கான லீக்கே 2016-17 சீசனில்தான் ஆரம்பித்தது. அதுவும் எப்படி? எல்லா அணியையும் ஒரே ஊருக்கு வரச் சொல்லி, மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவார்கள். 2019-இல் பஞ்சாப் லூதியானாவில், மே மாத வெயிலில், 12 அணிகள். ஆண்கள் சாம்பியன் ஆக 20 மேட்ச், ஐந்து மாதம். பெண்கள் சாம்பியன் ஆக மொத்தமே 7 மேட்ச். வருடத்தில் மிச்ச நாளெல்லாம் அந்த அக்காக்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

அந்த 7 மேட்சில் சேது கோப்பையை வாங்கிவிட்டது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்த அணியில் ஆடி கோல் மேல் கோல் போட்டார். இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்தார்கள். பெண்கள் ஃபுட்பாலில் மணிப்பூர் என்றால் சும்மா இல்லை, கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியா மாதிரி. அதற்கு முந்தின வருடம் 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியிலும் நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல் தடவை தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து இரண்டாவது தடவை.

2022-இல் சேதுவுக்கும் ஒரு கடைசி நாள் வந்தது. ஒடிசாவில் 12 அணிகள், ஒவ்வொருவருக்கும் 11 மேட்ச். பத்து முடிந்தபோது சேதுவும் பத்திலும் வெற்றி, கோகுலம் கேரளாவும் பத்திலும் வெற்றி! கடைசி மேட்ச் இவர்கள் இரண்டு பேருக்கும்தான். கோகுலத்துக்கு டிரா போதும், சேது ஜெயித்தே ஆகணும். ஆரம்பத்திலேயே சேது கோல் போட்டது. அப்புறம் கோகுலம் மூன்று. 1-3. இரண்டாம் இடம்.

ஆனால் சேது காணாமல் போகவில்லை. 2023-24-இல் பெண்கள் லீக்கும் முதல் தடவையாக சொந்த ஊர், வெளியூர் என்று மாறியது. ஏழே அணிகள்தான், அதில் சேது ஒன்று. 2024-25 சீசனிலும் ஆடியது.

ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். இந்துமதி கதிரேசன், கடலூர் அக்கா. இந்தியாவுக்காக ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் மேட்ச் எல்லாம் நின்றபோது சென்னையில் ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தார். ஃபுட்பால் ஆடினால் சோறு போடுமா என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள், உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அவருக்கு வேலை இருந்தது, அதனால் ஆட்டமும் நின்றுவிடவில்லை. சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே எல்லாம் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி வைத்தவைதான். நம்ம தண்டலத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் எத்தனை கம்பெனி! ஷிஃப்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் பாதிக்கு மேல் அக்காக்கள். ஆளுக்கு ஒரு பெண்கள் அணி வைத்தால் இங்கேயே ஒரு லீக் நடத்தலாம். சொந்த ஊர், வெளியூர் என்று ஆட ஷேர் ஆட்டோ போதும்.

அதுவரைக்கும் நம்ம பள்ளியில் ஆரம்பிக்கலாம். பி.டி. பீரியடில் மைதானத்தில் பாதியைப் பெண்களுக்குப் பிரித்துத் தரும்படி பி.டி. சாரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறோம். ஒரு அணிக்கு 11 பேர் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இப்போதைக்கு ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். கோல் கீப்பர் இன்னும் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தும் வரலாம், ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கும் இல்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதிய சாப்பாட்டு மணிக்கு வேப்பமரத்தடிக்கு வரவும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி