பேரும் எடையும் கூலியாகும் இடம்: கேமரன் மலைத் தோட்ட ஆபீஸின் ஒழுங்கும் பராமரிப்பும்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பு கூலியாக மாறுவது தோட்ட ஆபீஸில்தான். விடிகாலைப் பெரட்டில் (வருகைக் கூட்டத்தில்) மேற்பார்வையாளரான மண்டோர் போட்ட பேர், மலைச்சரிவில் நிறுத்த கொழுந்தின் எடை, ஸ்டோரிலிருந்து எடுத்த கத்தரியும் மழைக்கோட்டும், கிளினிக்குப் போன அரை நாள் என எல்லாமே அங்கு வந்து வரிகளாகின்றன. அந்த வரிகளை எழுதுகிறவர் கிராணி. அவர் உட்கார்ந்திருக்கும் அறை எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, அங்கிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மாதக் கடைசியில் தொழிலாளியின் கையில் சேரும் தொகை சரியாக இருக்கும், அல்லது பிசகும்.

கேமரன் மலையில் இந்த ஆபீஸுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வயது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துவிட்டுப் போன பிறகும் பல்லாண்டுகள் அது காடாகவே கிடந்தது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931இல் வந்தது. 1933இல் பாரத் நிறுவனமும் இம்மலையில் தேயிலையில் இறங்கியது. செடியோடும் ஆலையோடும் கூடவே தோட்ட நிர்வாக முறையும் மலையேறியது. மேலாளரான துரை, கிராணி, கங்காணி என்ற அடுக்கும், செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடும் அந்த முறையின் உறுப்புகள். கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்துபோனது. செக்ரோல் மட்டும் வடிவம் மாறி இன்றும் இருக்கிறது.

பதிவு தொடங்குவது ஆபீஸுக்கு வெளியே, வேலைத்தலத்தில். கொழுந்து நிறுக்கும்போது தொழிலாளி பக்கத்தில் நின்று தராசைப் பார்க்க வேண்டும். எண்ணை உரக்கச் சொன்ன பிறகே எழுத வேண்டும். மூட்டையின் எடையாக எவ்வளவு கழிக்கப்படுகிறது, மழையிலோ மூடுபனியிலோ நனைந்த கொழுந்துக்கு நீர் எடையாக எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை நிறுக்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மலையில் இலை நனைந்தே இருக்கும் காலைகள் ஏராளம். கழிவு எவ்வளவு என்பது ஆபீஸில் பிறகு தீர்மானிக்கப்படுமானால், எத்தனை நேர்மையாகக் கணக்கிட்டாலும் அதைத் தொழிலாளி நம்பமாட்டார். நம்பும்படி அவரிடம் கேட்பதும் நியாயமில்லை. மலேசியாவின் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி, வணிகத்துக்குப் பயன்படும் தராசுகள் காலந்தோறும் சோதனைக்குப் போய் முத்திரை பெற்றுவர வேண்டும். கூலியைத் தீர்மானிக்கும் தராசுக்கு அதைவிடக் குறைந்த அக்கறை போதாது.

கைக்கத்தரியும், இருவர் பிடித்துச் செல்லும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு எடைக் கணக்கில் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்துகொண்டது. ஒருவர் பறித்தது ஒருவர் பேரில் ஏறிய காலம் போய், ஒரு குழு வெட்டியதைப் பலர் பேரில் பிரிக்க வேண்டியிருக்கிறது. குழுவில் அன்று யார் யார் இருந்தார்கள், நடுவே யார் மாறினார்கள் என்பது இயந்திரம் ஓய்வதற்கு முன்பே தாளில் ஏறியிருக்க வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதினால், வாயில்லாதவரின் பங்குதான் முதலில் குறையும்.

ஆலையில் மீண்டும் ஒருமுறை எடை பார்க்கப்படுகிறது. மலையில் நிறுத்ததும் ஆலையில் நிறுத்ததும் ஒருபோதும் ஒத்துப்போகாது. வழியிலேயே இலை ஈரத்தை இழந்துவிடும். ஆனால் அந்த வேறுபாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நாள்தோறும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கிராணியின் முதல் கடமை. எல்லை மீறிய வேறுபாட்டை அன்றே விசாரித்தால் தராசுக் கோளாறா, எழுத்துப் பிழையா என்று தெரிந்துவிடும். மாதக் கடைசியில் விசாரித்தால் பழி யார் மேலாவது விழும், காரணம் தெரியாது.

நல்ல கிராணிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த விதி ஒன்று உண்டு: எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக விழுந்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். பழைய எண்ணும் வாசிக்கும்படி நிற்க வேண்டும். கணினிக்கு மாறிய ஆபீஸில் இந்த விதி இன்னும் கடுமையாகத் தேவைப்படுகிறது, ஏனென்றால் திரையில் மாற்றிய எண் எந்தத் தழும்பும் இல்லாமல் மாறிவிடும். சம்பள மென்பொருளில் யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும். அதற்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் கடவுச்சொல்லை எழுதிவைத்து, ஆபீஸ் முழுவதும் ஒரே பெயரில் நுழையும் பழக்கம் அந்தத் தடத்தை வீணாக்கிவிடுகிறது. பிழை நேர்ந்தால் நல்லவராலும் தப்ப முடியாது, கெட்டவரையும் பிடிக்க முடியாது.

ஒரு சிறு பதிவின் கனம் எவ்வளவு என்பதை இலங்கை மலையகம் காட்டியிருக்கிறது. அங்கே 2021இல் சம்பளச் சபை வழியாக நாள் கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதன் பிறகு, நிர்ணயித்த கிலோவைப் பறிக்காத நாளில் அரைநாள் கூலிக்கான அரைப்பேர் போடுகிறார்கள் என்ற முறையீடு பல தோட்டங்களில் எழுந்தது. போராடிப் பெற்ற உயர்வைச் செக்ரோலில் ஒரு குறி பாதியாக்கிவிடும் என்பதே அந்த மக்களின் வேதனை. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சட்டமும் கடைசியில் கிராணியின் மேசையில்தான் நடைமுறையாகிறது. வேலை நாள்களையும் மணிகளையும் குறைத்துப் பதிந்தால், சட்டம் சொன்ன தொகை தாளில் மட்டும் நிற்கும்.

இனி ஆபீஸ் ஜன்னல். பழைய ஆபீஸ்களில் தொழிலாளி வராந்தாவில் நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து குனிந்து பேசுவார். உள்ளே வர அனுமதி இல்லை. கிராணியும் பெரும்பாலும் தமிழரே, தொழிலாளியும் தமிழரே. ஆனாலும் ஒருமையில் அதட்டுவது வழக்கமாக இருந்தது. இன்று வெளியே நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். பேச்சு உடைந்த மலாயில் நடக்கிறது. தங்கள் பாட்டன் பாட்டி அந்த ஜன்னலுக்கு வெளியே நின்ற நிலையை நினைவில் வைத்திருக்கும் தமிழ் ஊழியர்கள், புதியவர்களிடம் அதே அதட்டலைத் தொடர்வது பெரும் இழுக்கு. உட்கார ஒரு பெஞ்சு, மழையில் நனையாமல் நிற்க ஒரு கூரை, மரியாதையான விளி ஆகிய மூன்றும் எந்த ஆபீஸாலும் தர முடிந்தவை.

சம்பளச் சீட்டைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. வாசிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு பிடித்தமும் எதற்காக என்று சொல்ல வேண்டும். சொல்வது அவர் காதுக்கு மட்டும் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் கேட்க ஒருவரின் கடனையும் முன்பணத்தையும் உரக்கப் படிப்பது அவமதிப்பு. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் உணர்வுப்படி, அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவை கணினித் திரையில் வெளியே தெரியும்படி கிடக்கக் கூடாது. திரை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி இருக்கட்டும். இருக்கையை விட்டு எழுந்தால் பூட்டிவிட வேண்டும்.

கடப்பிதழைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்ற பெயரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ்களை வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவைப்பது பல துறைகளில் நடந்துவந்த வழக்கம். சட்டப்படியான அதிகாரமின்றிப் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஈரமும் திருட்டும் பயமென்றால், ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டுப் பெட்டி கொடுத்துச் சாவியை அவரிடமே விட்டுவிடுவதே முறை. புதுப்பிக்க வாங்கினால் எழுத்தில் ரசீது தர வேண்டும்.

2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. பாலியல் தொல்லை குறித்த விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டவும் கட்டாயப்படுத்தியது. அந்த அறிவிப்பு ஆபீஸுக்குள் கோப்புகளுக்குப் பின்னால் தொங்கினால் பயனில்லை. பெரட்டுக் களத்திலும் ஆலை வாசலிலும், தொழிலாளர் படிக்கும் மொழிகளில் இருக்க வேண்டும். மண்டோர்மீதே புகார் என்றால் யாரிடம் போவது என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மனிதர் ஒழுங்குக்கு அடுத்தது பொருள்களின் பராமரிப்பு. இங்கே கேமரன் மலைக்கென்று தனிப் பாடம் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பகலிலும் வெப்பம் 25 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது. கோலாலம்பூர் ஆபீஸில் கணினிக்கு எதிரி சூடு; இங்கே எதிரி ஈரம். குளிரூட்டி தேவைப்படாததால் அறைக் காற்றை உலர்த்த எதுவும் இல்லாமல் போகிறது. இரவில் குளிர்ந்துபோன இயந்திரத்தின்மேல் காலை மூடுபனி படும்போது உள்ளே நீர் பூக்கிறது. செம்பு இணைப்புகள் பச்சை பூத்து, நினைவகத் தகடுகள் தொடர்பற்றுப்போகின்றன. கணினி அடிக்கடி தானாக நின்றுபோனால் வைரஸைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த இணைப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது.

இதற்கு விலை உயர்ந்த வழிகள் தேவையில்லை. பனி விலகும்வரை ஜன்னலை மூடியே வைக்க வேண்டும். கணினியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காமல், பலகைமேல் காற்றோட்டத்தோடு வைக்க வேண்டும். சிறிய ஈரநீக்கி ஒன்று ஆபீஸ் அறைக்குப் போதும். அதன் தொட்டியில் சேரும் நீரை நாள்தோறும் ஊற்றுவது யார் வேலை என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பல ஆபீஸ்களில் கருவி வாங்கப்பட்டுவிடுகிறது, அந்தப் பெயர் மட்டும் எழுதப்படுவதில்லை. அச்சுத்தாளும் ஈரத்தைக் குடிக்கும். பிரித்த கட்டை அப்படியே விட்டால் தாள் சுருண்டு அச்சுப்பொறியில் சிக்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஆலையை ஒட்டிய ஆபீஸ் என்றால் இன்னொரு எதிரி, தேயிலை நார்த்தூசு. வாட்டி, உருட்டி, உலர்த்திய இலையைச் சலிக்கும்போது பறக்கும் மென்மையான துகள் எங்கும் படியும். ஈரக் காற்றில் அது மெல்லிய கம்பளிபோலக் கணினி விசிறியை மூடிக்கொள்ளும். மாதம் ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, திறந்து, மென்தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரத்துணி கூடாது. சலிப்பறைப் பக்கத்துக் கதவைச் சாத்தியே வைப்பது எல்லாவற்றிலும் எளிது. கணினி மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கக் கூடாது என்ற விதி மட்டும், தேயிலைத் தோட்டத்தில் காப்பாற்றுவதற்கு மிகக் கடினமானது. ஆனாலும் காப்பாற்ற வேண்டியது.

பிற்பகல் இடியும் மின்னலும் இம்மலைக்கு வாடிக்கை. மின்கம்பியில் பாயும் அழுத்த உயர்வைத் தடுக்கும் கருவியும், மின்சாரம் போனால் வேலையைச் சேமித்து நிறுத்த அவகாசம் தரும் யூபிஎஸ் கருவியும் வேண்டும். தொலைபேசி, இணையக் கம்பி வழியாகவும் மின்னல் வரும்; அதை மறந்துவிடுகிறவர்கள் பலர். யூபிஎஸ் மின்கலம் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். குளிர் அதற்கு நல்லது, ஈரம் முனைகளைத் துருவேற்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தால், சம்பள வாரத்தில் ஏமாற்றம் நேராது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. கணினி பழுது என்பது அதற்குச் சாக்காகாது.

பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் ஆபீஸோடு ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது. ஸ்டோர்ச் சாவி ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். வழங்கிய அளவும் பெற்றவர் பெயரும் அன்றே பதிவாக வேண்டும். இத்தகைய ஆபத்துகளைக் கவனிக்க, 2024 ஜூன் முதல், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் ஒருவரை அமர்த்துவது கட்டாயமாகியிருக்கிறது.

பதிவுகளின் நகல் எங்கே இருக்கிறது என்பது இம்மலையில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. 2013 அக்டோபர் 23 அன்று சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் வேலியில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2024 ஜனவரி 26 அதிகாலையில் கம்போங் ராஜா அருகே புளூ வேலியில் நிலச்சரிவு ஏற்பட்டு, மியன்மாரைச் சேர்ந்த ஐவர் இறந்தனர். இத்தகைய இரவில் மீட்புப் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே யார் யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது. லய வாரியாக, அறை வாரியாக, அன்றைய தேதிவரை திருத்திய பெயர்ப் பட்டியல் தோட்ட ஆபீஸில் இருக்க வேண்டும். அதன் தாள் நகல் ஒன்று காவலர் குடிலிலும், மின்னணு நகல் ஒன்று மலைக்குக் கீழே தலைமையகத்திலும் இருக்க வேண்டும். விருந்தினராக வந்து தங்கியவர் பெயரும் அதில் ஏற வேண்டும். பெயரில்லாதவரை யாரும் தேடமாட்டார்கள். நகல் எடுப்பதோடு நிற்காமல், அதிலிருந்து கோப்பைத் திறந்து பார்த்துச் சோதிப்பதும் மாத வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

கிராணி மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது பல இடங்களில் சாவிக்கொத்தோடு முடிந்துவிடுகிறது. கடவுச்சொற்கள் மாற்றப்பட வேண்டும், பழையவரின் கணக்கு மூடப்பட வேண்டும், முடியாத முறையீடுகளின் பட்டியல் கைமாற வேண்டும், இருவரும் சேர்ந்து பதிவேடுகளை எண்ணிக் கையெழுத்திட வேண்டும்.

தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தைப் பொறுத்தவரை ஆறு ஆண்டு மிகவும் குறைவு. ஊழியர் சேமநிதி 1951இலிருந்தும், ஊழியர் சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சட்டம் 1969இலிருந்தும் இருக்கின்றன. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதிப் பங்கு கட்டாயமாகியிருக்கிறது. தொழிலாளியின் பங்கு 2 விழுக்காடு, முதலாளியின் பங்கு 2 விழுக்காடு. இந்தக் கணக்குகளில் சந்தேகம் எழுவது பெரும்பாலும் ஒருவர் ஓய்வுபெறும்போது, அதாவது முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து. அதைவிடப் பெரிய தேவையும் உண்டு. தோட்டங்களில் பிறந்து, பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமல் வளர்ந்த இந்தியர்களுக்காக 2011இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கத்தை அரசு நடத்தியது. பெற்றோர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் வேலை செய்தார்கள் என்பதைக் காட்டும் எந்தத் தாளும் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு விலைமதிப்பற்றது. எனவே பழைய செக்ரோல் கட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் மின்வருடி வழியாகப் படமெடுத்து, தோட்டப் பிரிவு, ஆண்டு, பெயர் எனத் தேடக்கூடிய பட்டியலோடு சேமித்துவைக்க வேண்டும். மூலக் கட்டுகளை உலர்ந்த அறையில், தரையிலிருந்து உயர்த்திய இரும்புத் தட்டுகளில், கரையானும் பூஞ்சையும் அண்டாமல் அடுக்கிவைக்க வேண்டும். தேடி வருகிறவருக்குக் கட்டணமின்றி நகல் எடுத்துக் கொடுப்பதும் கிராணியின் கடமைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.