குளிர்ந்த கடலடியின் எண்ணெய்க் கசிவுகள்: ஆர்க்டிக் முதல் மன்னார் படுகை வரை

பொதிகை மலையில் பிறந்து, மேற்கரையில் திருநெல்வேலியையும் கிழக்கரையில் பாளையங்கோட்டையையும் தொட்டு ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி, தன் வண்டலை இறக்கிவைக்கும் மன்னார் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ஆனால் அதே கடலில், கரையை ஒட்டிய ஆழமற்ற திட்டு முடிந்து கடலடி சரிந்து இறங்கும் இடத்தைக் கடந்து 1500 மீட்டர் ஆழத்துக்குச் சென்றால், நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ்தான். அதற்கும் கீழே குளிர் இன்னும் கூடுகிறது. வெயில் அங்கே எட்டாது என்பது இதற்கு ஒரு காரணம். அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடலில் குளிர்ந்து கனத்து மூழ்கும் நீர், கடலடி வழியாக மெல்ல வடக்கே நகர்ந்து இந்தியப் பெருங்கடலின் ஆழங்களை நிரப்புகிறது என்பது மற்றொரு காரணம். ஆகவே துருவக் கடல்களின் அடித்தளத்தில் எண்ணெயும் எரிவாயுவும் எவ்வாறு கசிகின்றன, குளிரில் அவை என்ன ஆகின்றன, அவற்றை எந்த உயிர்கள் உண்கின்றன என்ற ஆய்வுகள், தொலைதூரத்துப் பனிநாடுகளைப் போலவே தென்தமிழ்நாட்டுக் கரைக்கும் உரியவை.

கசிவின் தோற்றம்

கடலில் வாழ்ந்து மடிந்த மிதவை உயிரிகளின் எச்சங்கள் களிமண்ணோடு சேர்ந்து, ஆக்சிஜன் குறைந்த சூழலில் அடுக்கடுக்காகப் புதையும்போது, பல லட்சம் ஆண்டுகளில் மேலே சேரும் வண்டலின் பாரத்தால் அவை ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமியின் உள்வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டும் ஆழத்தில் அந்தக் கரிமப் பொருள் எண்ணெயாகவும், இன்னும் மிகுந்த வெப்பத்தில் எரிவாயுவாகவும் மாறுகிறது. நீரைவிட இலேசான இவை பாறைத் துளைகளின் வழியே மேலேறி, ஊடுருவ முடியாத களிப்பாறை மூடி ஒன்றைச் சந்திக்கும் இடத்தில் தேங்குகின்றன. அந்த மூடி விரிசல் கண்டாலோ, நிலப்பிளவுகள் வழிவிட்டாலோ, தேங்கியவற்றில் ஒரு பகுதி கடலடிக்கு வந்து சொட்டுச் சொட்டாகவும் குமிழி குமிழியாகவும் வெளியேறுகிறது. இதுவே இயற்கைக் கசிவு.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகக் கடல்களில் ஆண்டுதோறும் கலக்கும் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 6 லட்சம் டன், இவ்வாறு இயற்கையாகக் கசிவதாகும். எனினும் 2022ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் படங்களில் தெரியும் எண்ணெய்ப் படலங்களில் 94 விழுக்காடு மனிதச் செயல்களால் விளைந்தவை என்று கண்டறிந்தது. முன்னது கலக்கும் எண்ணெயின் எடையைக் கணிக்கிறது, பின்னது மேற்பரப்பில் பரவிய படலங்களை அளக்கிறது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இயற்கைக் கசிவு பல இடங்களில், சிறு அளவில், நெடுங்காலமாக நிகழ்வதால் சுற்றியுள்ள உயிர்கள் அதற்குப் பழகியிருக்கின்றன. கப்பலோ எண்ணெய்க் கிணறோ உடைந்து கொட்டும் எண்ணெய் ஓரிடத்தில், ஒரே நேரத்தில், பழக்கமில்லாத உயிர்களின்மேல் விழுகிறது. முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் சிறிதாக்குவது அறிவியலாகாது.

பனிக்கடலில் தேடும் முறை

கடலின் மேல் பரவும் எண்ணெய், காற்று எழுப்பும் சிற்றலைகளை அடக்கிவிடுவதால், செயற்கைக்கோளின் ரேடார் அலைகள் அந்த இடத்திலிருந்து மிகக் குறைவாகவே திரும்புகின்றன. படத்தில் அது கரும்பட்டையாகத் தெரிகிறது. ஆண்டு மாறியும் ஒரே இடத்திலிருந்து இத்தகைய பட்டை தொடங்குமானால், அடியில் கசிவு இருக்கலாம் என்று ஊகிக்க முடியும். துருவப் பகுதியில் இந்த ஊகமே கடினம்: ஆண்டின் பெரும்பகுதியில் பனிக்கட்டி கடலை மூடியிருக்கிறது, கோடையில் விலகினாலும், புதிதாக உறையும் மென்பனியும் காற்றடங்கிய நீர்ப்பரப்பும் ரேடாரில் எண்ணெயைப் போலவே கருமையாகத் தோன்றுகின்றன. ஆகவே கப்பல் நேரில் சென்று, பல கற்றைகளாக ஒலியைக் கடலடிக்கு அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவியால் நீரில் எழும் குமிழித் தூண்களைப் பதிவுசெய்ய வேண்டும்; பிறகு கம்பிவடத்தால் இயக்கப்படும் ஆளில்லா நீர்மூழ்கியை இறக்கிப் படமெடுத்து, குழாய்களால் வண்டலை எடுத்து வர வேண்டும். அந்த வண்டலில் உள்ள எண்ணெயில், பழங்கால உயிர்களின் செல்சவ்வுகளிலிருந்து எஞ்சிய சில மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு மூலப்பாறையிலும் அவற்றின் விகிதம் வேறுபடுவதால், ஒரு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதை அவற்றால் அடையாளம் காண முடிகிறது.

கனடாவின் வடகிழக்கில், பாஃபின் தீவின் கரையோரம் உள்ள ஸ்காட் இன்லெட் என்னும் கடல்நுழைவாயின் முகப்பில் 1976ஆம் ஆண்டு எண்ணெய்ப் படலங்கள் காணப்பட்டன. 1980களில் பைசீஸ்-4 என்ற ஆய்வு நீர்மூழ்கி அங்கே இறங்கிக் கடலடியில் எண்ணெயைக் கண்டது. அண்மைக் காலத்தில் அமுண்ட்சன் என்ற பனியுடைக்கும் ஆய்வுக்கப்பலில் சென்றவர்கள், ஆளில்லா நீர்மூழ்கியின் துணையோடு அங்குள்ள நுண்ணுயிர்களைப் பகுத்தாய்ந்தனர். நார்வேக்கு வடக்கேயுள்ள பேரண்ட்ஸ் கடலிலும் எண்ணெயும் மீத்தேனும் பரவலாகக் கசிவதை ட்ரோம்சோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டனர். பனியுகங்களில் நகர்ந்த பனிப்பாறைகள் எண்ணெய்த் தேக்கங்களின் மேல்மூடியை அரித்துவிட்டதே அக்கசிவுக்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர்.

குளிரில் எண்ணெயும் நுண்ணுயிரும்

மார்கழிக் காலையில் புட்டியிலுள்ள தேங்காய் எண்ணெய் இறுகுவது போல, உறைநிலையை ஒட்டிய கடல்நீரில் கச்சா எண்ணெயும் தடித்துவிடுகிறது. வெதுவெதுப்பான கடலில் விரைவாக ஆவியாகிவிடும் இலேசான கூறுகள், அவற்றில் நஞ்சு மிகுந்தவையும் அடங்க, இங்கே நீண்ட நேரம் தங்குகின்றன. எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதும் கடினமாவதால், நுண்ணுயிர்கள் அதைப் பற்றிக்கொள்ளும் பரப்பும் குறைகிறது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெயில் ஒரு பகுதி, பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் கடற்கரைக் கற்களுக்கு அடியில் சிதையாமல் இருந்தது.

ஆயினும் குளிருக்கென்றே அமைந்த உயிர்கள் உள்ளன. அண்டார்க்டிகாவின் ராஸ் கடலில் உள்ள ராட் விரிகுடாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2003இல் விவரிக்கப்பட்ட ஓலியைஸ்பைரா அண்டார்க்டிகா என்னும் பாக்டீரியா, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் செழித்து வளர்ந்து, எண்ணெயின் ஹைட்ரோகார்பன்களையே முதன்மை உணவாகக் கொள்கிறது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து, ஏறத்தாழ 1500 மீட்டர் ஆழத்திலிருந்த கிணறு எண்ணெயைக் கக்கியபோது, அதன் ஒரு பகுதி 1100 மீட்டர் ஆழத்தில் 5 டிகிரிக் குளிர்நீரில் மேகமாகப் பரவியது; அந்த நீரில் ஓலியைஸ்பைராவின் சுற்றத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் விரைவில் பெருகின. அந்த வளைகுடாவில் எண்ணற்ற இயற்கைக் கசிவுகள் இருப்பதால், எண்ணெய் உண்ணும் உயிர்கள் முன்பே விதைபோல இருந்தன என்பது ஆய்வாளர்களின் கருத்து. எண்ணெய் இயற்கையாகக் கசியாத கடலில் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது.

இந்த எச்சரிக்கைக்கு அண்டார்க்டிகாவே சான்று. மக்மர்டோ நீரிணையில் 2011இல் புதிதாகத் தோன்றிய மீத்தேன் கசிவை ஐந்து ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும், மீத்தேனை உண்ணும் நுண்ணுயிர்க் கூட்டம் அங்கே முழுமையாக உருவாகியிருக்கவில்லை; வாயுவின் ஒரு பகுதி தடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தது. குளிரில் இயற்கையின் சீரமைப்பு நிகழ்கிறது. ஆனால் மனிதத் திட்டங்கள் கணக்கிடும் காலத்துக்குள் நிகழ்வதில்லை.

காரணத்தைத் தவறாகப் படிக்கும் ஆபத்து

ஆர்க்டிக்கிலுள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்கு மேற்கே 2008இல் 250க்கு மேற்பட்ட குமிழித் தூண்கள் கண்டறியப்பட்டபோது, கடல்நீர் வெப்பமடைவதால் கடலடியின் மீத்தேன் ஹைட்ரேட்டு உருகுகிறது என்று பலரும் கருதினர். மீத்தேன் ஹைட்ரேட்டு என்பது, குளிரும் அழுத்தமும் கூடிய இடத்தில் நீர் மூலக்கூறுகள் கூடுகளாக அமைந்து மீத்தேனை உள்ளே அடைத்துக்கொள்ளும் பனிக்கட்டி போன்ற திண்மம். அதன் ஒரு கன மீட்டரிலிருந்து 160 கன மீட்டருக்கும் மேற்பட்ட வாயு வெளிப்படும். ஆனால் கசிவிடங்களில் படிந்திருந்த சுண்ணாம்புப் பாறைகளின் வயதைக் கணித்தபோது, கசிவு குறைந்தது 3000 ஆண்டுகளாக நடந்துவருவது 2014இல் தெரியவந்தது. புவி வெப்பமடைவதன் ஆபத்தை இது குறைத்துவிடவில்லை. ஆனால் முந்தைய நிலையை அறியாமல் இன்றைய நிலைக்குக் காரணம் சொல்ல இயலாது என்பதை உறுதியாகக் காட்டியது.

வங்கக் கடலும் மன்னார் படுகையும்

2006இல் இந்தியாவின் தேசிய எரிவாயு ஹைட்ரேட்டுத் திட்டத்தின் முதல் பயணத்தில், ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துரப்பணக் கப்பல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் சுமார் 130 மீட்டர் தடிமனுள்ள ஹைட்ரேட்டு அடுக்கைக் கண்டது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே படுகையில் 900 முதல் 1800 மீட்டர் ஆழத்தில், கசியும் மீத்தேனை நம்பி வாழும் உயிர்ச்சூழலைக் கண்டறிந்து 2019இல் அறிவித்தனர். இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலக் கடலில் இத்தகைய குளிர்கசிவுச் சூழல் பதிவானது அதுவே முதல்முறை. கடலடிக்கு 2 அல்லது 3 மீட்டருக்குக் கீழேயே ஹைட்ரேட்டு இருந்தது. சூரிய ஒளியே எட்டாத அந்த இடத்தில், மீத்தேனை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடை ஆற்றலாக்கும் பாக்டீரியாக்களைத் தம் உடலுக்குள் வைத்து வாழும் சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் இருந்தன.

மன்னார் வளைகுடாவின் கடலடியில் அமைந்த மன்னார் படுகையைப் பொறுத்தவரை, தமிழகக் கரைக்கு அப்பால் அதன் கடலடிக் கால்வாய்ப் படிவுகளில் ஹைட்ரேட்டு இருப்பதற்கான அறிகுறிகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2017இல் அறிவித்தது. படுகையின் இலங்கைப் பகுதியில் 1300 மீட்டருக்கு மேற்பட்ட நீராழத்தில் 2011இல் டொராடோ, பராகுடா ஆகிய கிணறுகளில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் உருவாவதற்கான மூலப்பாறையும் வெப்பமும் அங்கே உண்டு என்பது இதனால் உறுதியாகிறது. டீப்வாட்டர் ஹொரைசன் விபத்து நிகழ்ந்த ஆழமும் குளிரும் ஏறத்தாழ இவைதாம். ஆனால் மேலே 21 தீவுகளும் பவளத்திட்டுகளும் கொண்ட, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட வளைகுடாவும், அதை நம்பித் தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் வாழும் மீனவர்களும் இருக்கின்றனர்.

முதலில் அளத்தல்

இக்கடலில் எண்ணெய் தேடும் திட்டங்கள் பேசப்படுவதும், மீனவர்கள் எதிர்ப்பதும் தொடர்கின்றன. எந்த முடிவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு: மன்னார் படுகையில் இயற்கையாக எங்கே, எவ்வளவு கசிகிறது, அந்த எண்ணெயின் வேதி அடையாளம் என்ன, அதை உண்ணும் நுண்ணுயிர்கள் ஆழ்நீரில் உள்ளனவா என்பதைப் பல பருவங்களில் அளந்து, எவரும் பார்க்கும்படி வெளியிடுவது. அந்தப் பதிவு இருந்தால், நாளை கரை ஒதுங்கும் எண்ணெய் கடலடியிலிருந்து வந்ததா, கப்பலிலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்து வந்ததா என்று ஆய்வகம் சொல்லிவிடும். இல்லாவிட்டால் இயற்கையின்மேல் பழிபோட்டுத் தப்புவதும், இயற்கையாகக் கசிந்ததற்கு மனிதரைக் குறைகூறுவதும் ஒருசேர நிகழும்.

இதற்கான திறன் தமிழ்நாட்டிலேயே உள்ளது. சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ரோசப்-6000 என்ற ஆளில்லா நீர்மூழ்கி 2010இல் 5289 மீட்டர் ஆழம்வரை இறங்கியது. ஸ்வால்பார்டின் கோங்ஸ் ஃபியோர்டில் 2014இல் 192 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்ட இண்டார்க் என்ற இந்திய ஆய்வுமிதவையிலும், 2015இல் அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியில் இயக்கப்பட்ட துருவ நீர்மூழ்கியிலும் அந்நிறுவனத்தின் உழைப்பு இருக்கிறது. துருவத்துப் பனிநீரில் கருவிகளை இயக்கத் தெரிந்தவர்களுக்கு மன்னார் படுகையின் ஆழம் எட்டாததன்று. நெல்லைச் சீமையின் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் நுண்ணுயிர், வண்டல் ஆய்வுகளில் அவர்களோடு இணைய முடியும்.

அளப்பதோடு கேட்பதும் சேர வேண்டும். ஸ்காட் இன்லெட் அமைந்துள்ள அதே பாஃபின் கரையில், எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியை எதிர்த்துக் கிளைட் ரிவர் என்ற சிற்றூரின் இனுவிட் மக்கள் தொடுத்த வழக்கில், அவர்களோடு உரிய முறையில் கலந்தாலோசிக்கவில்லை என்று கூறிக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் அந்த அனுமதியை ரத்து செய்தது. தலைமுறைகளாக ஒரு கடலில் தொழில்செய்வோர் அதன் நிறத்தையும் மணத்தையும் ஆய்வுக்கப்பல் வருவதற்கு முன்பே அறிந்தவர்கள். மன்னார் வளைகுடாவின் அளவைப் பதிவேடு, எண்ணெய்த் திட்டங்களின் பின்னிணைப்பாக அல்லாமல், அம்மீனவர்களையும் பங்காளிகளாகக் கொண்ட பொதுச்சொத்தாக, துரப்பணத்துக்கு முன்பே தயாராக வேண்டும்.