அந்தப் பியானோ விரல்கள் யாருடையவை?

பீர் பரிமாறும் தட்டைத் தூக்கித் தாளம் தப்பாமல் தன் மண்டையிலேயே ‘டமார் டமார்’ என்று அடித்துக்கொள்வார் ஸ்பைடர் ஸ்டேசி. மற்ற நேரத்தில் டின் விசில் ஊதுவார். பின்னால் ஆண்ட்ரூ ராங்கன் நின்றுகொண்டே டிரம்ஸை வெளுத்து வாங்குவார். ஜெம் ஃபைனரின் பாஞ்சோவும் ஜேம்ஸ் ஃபேர்ன்லியின் அக்கார்டியனும் தலைதெறிக்க ஓட, நடுவில் மைக்கோடு ஷேன் மெக்கோவன். ஐரிஷ் நாட்டுப்பாட்டையும் பங்க் ராக்கையும் ஒரே மேடையில் மோதவிட்ட ‘தி போக்ஸ்’ இதுதான். 1982-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் கிளம்பிய கும்பல்!

இவர்களுடைய ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ பாட்டின் திரைமறைவுக் கதை இருக்கிறதே, அடடா! ஒரு ஜோடி கொஞ்சிக் குலாவி, பிறகு வாய்க்கு வந்தபடி சண்டை போடும் பாட்டு அது. பெண் குரலுக்கு முதலில் இருந்தவர் குழுவின் பேஸ் கிதார்காரி கேட் ஓ’ரியோர்டன். 1986-ல் அவர் விலகிவிட்டார். பாட்டு அந்தரத்தில் தொங்கியது. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், தன் மனைவி கர்ஸ்டி மெக்கோலை வீட்டு ஸ்டுடியோவில் மாதிரிக்குப் பாடவைத்து டேப்பை எடுத்து வந்தார். கேட்டதும் அத்தனை பேரும் கிறங்கிப்போனார்கள். அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்க ஷேன் தன் பகுதியை மறுபடி பாடினார். ஆமாம், நேருக்கு நேர் நின்று கத்திக்கொள்வதுபோல் கேட்கும் அந்தச் சண்டையை இருவரும் தனித்தனியாகத்தான் பாடினார்கள்!

வீடியோவில் இன்னும் கூத்து. நியூயார்க்கில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஷேனைப் பிடித்துக்கொண்டு போகும் போலீஸ்காரர், ஹாலிவுட் நடிகர் மேட் டில்லன். ஷேன் பியானோ வாசிக்கிறாரே? அவருக்கு வாசிக்க வராது. நெருக்கத்தில் தெரியும் விரல்கள் ஃபேர்ன்லியுடையவை. சந்தேகம் வராமலிருக்க ஷேனின் மோதிரங்களைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார்கள். பாட்டில் வரும் நியூயார்க் போலீஸ் பாடகர் குழு என்று ஒன்று கிடையவே கிடையாது. இருந்தது பேக்பைப் குழுதான். பாட்டில் சொல்லும் ‘கால்வே பே’ அவர்களுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது மிக்கி மவுஸ் கிளப் பாட்டு ஒன்றுதான். கேமரா ஓட, கம்பீரமான சீருடையில் அதற்கே வாயசைத்தார்கள்!

இவ்வளவு ஒட்டுவேலை இருந்தும் பாட்டில் ஒரு தையல்கூடத் தெரியாது. 1987 கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். பிரிட்டனில் முந்தியது பெட் ஷாப் பாய்ஸ். எனக்கு அதில் இன்றும் ஆற்றாமைதான். இதை எழுதிப் பாடிய ஷேன் பிறந்ததே 1957 டிசம்பர் 25-ல் என்பது கூடுதல் அழகு. 2023 டிசம்பரில் டிப்பரரி மாவட்டத்து நீனா தேவாலயத்தில் அவருடைய இறுதித் திருப்பலியின்போது இதே பாட்டைப் பாடினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து ஆடினார்கள்.

இந்தப் பாட்டோடு நின்றுவிடாதீர்கள். 1985-ல் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த இவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கேளுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து.