உயரே போனால் பெட்ரோலைக் குறை!

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் போயிருக்கிறீர்களா? பழைய மோட்டார் சைக்கிள்கள் அங்கே திணறிக்கொண்டுதான் ஏறும். ஏற்றம்தான் முக்கியக் காரணம். ஆனால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. அது காற்று!

மேலே போகப் போக காற்று லேசாகிவிடும். கடற்கரையில் 100 லிட்டர் காற்றின் எடை, சராசரிக் கணக்குப்படி 122 கிராம். ஜவ்வாது மலையில், வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூர் சுமார் 725 மீட்டர் உயரம். அங்கே அதே 100 லிட்டர் காற்று 114 கிராம். 3,000 மீட்டர் உயரத்தில் 91 கிராம்தான்!

1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 15 கிராம் காற்று வேண்டும். இரண்டையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். அதன் நடுவில் ஒரு குறுகிய கழுத்து உண்டு. அதன் வழியே காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். உடனே பக்கத்துக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல், சிறு துளை வழியாக உறிஞ்சப்பட்டு தூறலாகக் கலக்கும்.

இப்போது ஒரு கணக்கு. கடற்கரையில் 100 லிட்டர் காற்றுக்கு 8 கிராம் பெட்ரோல் சரி. 3,000 மீட்டரில் 6 கிராம் போதும். ஆனால், கார்புரேட்டருக்குக் காற்றை எடை போடத் தெரியாது. சுமார் 7 கிராம் அனுப்பிவிடும். கூடுதல் பெட்ரோல் சரியாக எரியாது. ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். என்ஜின் அதிரும், சக்தி குறையும்.

மோட்டார் சைக்கிள் என்றால் ஓரமாக நிறுத்தலாம். ஒரே என்ஜின் உள்ள விமானம் என்றால்?

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா, புஸ் மாத் என்ற குட்டி விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் தனியாகக் கிளம்பினார். அகமதாபாத் வழியாக பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி, பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை, தக்காண பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலை! நம் ஜவ்வாது மலையும் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்ததுதான். அந்தக் குட்டி விமானத்துக்கு இருந்ததும் ஒரே என்ஜின்.

பழைய சிறு விமானங்கள் பலவற்றில் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பிடி இருக்கும். அதை நகர்த்தினால் கலவையில் பெட்ரோல் குறையும். போதிய உயரத்துக்குப் போனதும் விமானி அதை மெல்ல மெல்ல நகர்த்துவார். என்ஜின் சுற்றும் வேகம் சற்று ஏறும். இன்னும் நகர்த்தினால் வேகம் இறங்கி, என்ஜின் அதிரத் தொடங்கும். உடனே பிடியைக் கொஞ்சம் திருப்பித் தள்ளி, என்ஜின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துவார். காதும் கண்ணும் கவனமாக இருக்க வேண்டும். பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் ஆபத்துதான். என்ஜின் அதிகமாகச் சூடாகிப் பழுதாகலாம்.

லடாக்கில் உள்ள லே விமான நிலையம் 3,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் தரையிலிருந்து கிளம்பும் முன்பே கலவையைச் சரிசெய்தாக வேண்டும்.

கீழே இறங்கும்போது இன்னொரு வேலை உண்டு. காற்று மறுபடியும் கனமாகும் அல்லவா? பிடியை பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால், பெட்ரோல் போதாமல் என்ஜின் நின்றே போகலாம்! ஏறும்போது செய்ததை இறங்கும்போது மறக்கக் கூடாது.

இப்போது வரும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. சென்சார்களே காற்றின் நிலையை அறிந்து பெட்ரோலை அளந்துவிடும்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். அடுத்த முறை ஜவ்வாது மலைக்குப் போனால், காலியான மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலை மேல் இறுக்கமாக மூடுங்கள். அடிவாரத்தில் எடுத்துப் பாருங்கள். யாரும் தொடாமலே பாட்டில் சற்று ஒடுங்கியிருக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியுமே!